இடது காது

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தான்.
சரக்கு ரயில். நாற்பத்திரண்டு பெட்டி.
அதற்குள் ரெண்டு பாட்டு முடிந்துவிட்டது.

எபினேசர் செட்டின் முதல் ஆல்பம்,
நேத்து ராத்திரிதான் வந்தது.
குரல் சரி.
டிரம்ஸ், மாடி வீட்டில் யாரோ
கட்டில் நகர்த்துகிற மாதிரி.
மூணாவதில் கிட்டாரே காணோம்.
'கஞ்சப்பய' என்று அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

நைட் ஷிப்டில்,
கன்டெய்னர் யார்டில்,
ரோஸ்லின் தன் ஹெட்போனைக் கழற்றித் தந்தாள்:
"உன்னுதுல வலது பக்கம் செத்து
ஆறு மாசமாவுது, தெரியாதா?"

மறுபடி மூணாவது.
வலது காதில் ஒரு கிட்டார்
முதலிலிருந்தே இருந்திருக்கிறது,
எண்ணூர்க் காற்று போல
லேசாய்க் கண் எரிய வைத்துக்கொண்டு.

மணி மூணு பத்து.
அவனுக்கு ஏதோ அடித்தேன், அழித்தேன்.
மேலே கிரேன் விளக்கு திரும்பிற்று.
நாலாவது பாட்டை
இன்னும் கேட்கவில்லை.