விதை ஒன்று இருக்கலாம்

ஏழரைக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்று
யாரோ சொல்லியிருந்ததால்
ஏழுக்கே வந்து நின்றார்கள்.
மிச்சிகனின் வடகோடி. ஜூலை.
ஏரிப்பக்கமிருந்து வந்த மேகம்
சந்தைக் கூடாரங்களுக்கு மேலே
இறங்குவதா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தது.

முட்டைக்காரருக்கும் தேன்காரிக்கும் நடுவே
டோரீனின் மேசை.
அதில் சாய்ந்த எழுத்தில் ஓர் அட்டை:
'கையால் விதை நீக்கியது.
விதை ஒன்று இருக்கலாம்.
பல் உங்களுடையது.'

பெர்னடெட் ஒன்று வாங்கினாள். ஒன்றே ஒன்று.
நாத்தனார் லூசில் வீட்டு மதியச் சாப்பாட்டுக்கு.
நான்கு வருடம் முகம் பாராமல் இருந்த பிறகு
வந்திருக்கும் முதல் அழைப்பு.
வெறுங்கையோடு போகலாமா?
காகிதப் பைக்குள் செர்ரிப் பை.
(இந்த ஒரு வரிக்காகவே
இதைத் தமிழில் எழுதுகிறேன்.)

மேகம் முடிவெடுத்தது.
ஏற்றிய கண்ணாடிகளுக்குள் நால்வர்.
பெர்னடெட்டின் மடியில் இன்னும் சூடு ஆறாமல் அது.
மேல்மாவின் பின்னல் இடுக்குகளில்
சிவப்பு கொப்பளித்து, வழிந்து,
விளிம்பில் கருகி ஒட்டியிருந்தது.
வெண்ணெய் மணத்தில் கண்ணாடியே மங்கியது.
ரோமன் சாவியைத் திருப்பாமல்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

'ஓரம் மட்டும்' என்றாள் டெஸ்.
பதினான்கு வயது.
காலையிலிருந்து அவள் பேசிய முதல் இரண்டு சொற்கள்.

ஓரத்தில் என்ன வந்துவிடப் போகிறது,
ஒரு விரல்கணு அளவு.
உடைத்தது தெரியாமலிருக்க
எதிர் ஓரத்தையும் உடைத்தார்கள்.
இரண்டையும் சமமாக்க இன்னொன்று.
அதற்குப் பிறகு
சமம் பற்றி யாரும் பேசவில்லை.

முள்கரண்டி இல்லை.
குளிர்காலம் முதல் இருக்கைக்கு அடியில் கிடந்த
பனி சுரண்டும் பிளாஸ்டிக் தகட்டைச்
சட்டையில் துடைத்துக்
கத்தியாக்கினான் ரோமன்.
ஆறு வயது இக்னேஷியஸுக்கு
உள்ளங்கையே தட்டு.

புளிப்பு முதலில் தாடை மூட்டைப் பிடித்தது,
காதுக்குக் கீழே.
அந்த இடத்துக்குப் பெயர் உண்டா தெரியவில்லை.
சர்க்கரை பின்னால் வந்தது,
கூட்டம் தொடங்கிய பிறகு
குனிந்தபடி உள்ளே வருகிறவனைப் போல.
கூரையில் மழை, உள்ளே சப்புக்கொட்டல்.
சீட் பெல்ட்டில் ஒரு சொட்டு.
அதை நக்கியது யார் என்று
நான் சொல்லப்போவதில்லை.

விதை டெஸ்ஸின் வாயில்தான் வந்து சேர்ந்தது.
கடக்.
பல்லுக்குப் போட்ட கம்பியில் மாட்டிய அதை
விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து,
'பல் என்னுடையது' என்றாள், அட்டையின் குரலில்.
பெர்னடெட் சிரித்த சிரிப்பில்
மாவுத்தூள் டாஷ்போர்டு வரை பறந்தது.

மழை விட்டபோது
அலுமினியத் தட்டில் மிஞ்சியிருந்தவை
கொஞ்சம் சாறு, நான்கு பேரின் விரல் தடங்கள்.

திரும்பி ஓடினார்கள்.
டோரீன் மேசையை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.
செர்ரி இல்லை.
ரூபார்ப் ஒன்று இருந்தது,
நடுவில் குழி விழுந்து, யாரும் தொடாமல்.
இரண்டு டாலர் குறைத்தாள்.
நால்வரின் வாயையும் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல் ஈரத்துணியை நீட்டினாள்.

முழுப் பூசணிக்காயைக்கூடச்
சோற்றில் மறைத்துவிடலாம்.
சட்டைக் காலரில் ஏறிய செர்ரிச் சிவப்பை
எதில் மறைப்பது?

கதவைத் திறந்த லூசில்
தம்பியைப் பார்த்தாள்.
ரூபார்பைப் பார்த்தாள்.
மறுபடி காலரை.
'எனக்குச் செர்ரிதான் பிடிக்கும், தெரியுமல்லவா.'
'தெரியும்.'
'நன்றாக இருந்ததா?'

என்ன தகராறு அது, நான்கு வருடத்துக்கு முன்பு?
விற்ற படகு ஒன்றின் பணம் என்று ஞாபகம்.
அப்போது அவன் ஏதேதோ சொல்லி மழுப்பினான்.
இப்போது,
'ரொம்ப' என்றான்.

அவள் வாசலில் நின்றாள்,
ஒருவர் ஷூவைக் கழற்றும் நேரம்.
பிறகு, 'எல்லாரும் கழற்றுங்கள், தரை துடைத்திருக்கிறேன்'
என்று விலகி வழிவிட்டாள்.

இக்னேஷியஸ் ஒற்றைக் கையால்
லேஸை அவிழ்க்கப் பாடுபட்டான்.
மற்றொரு கை மூடியே இருந்தது.
விதை அதற்குள்.
டெஸ் அதை அவனுக்கு
ஒரு டாலருக்கு விற்றிருந்தாள்.