ஆறு மில்லிமீட்டர்

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடி. மதிய இடைவேளை.
ரொஸ்னா கோப்பி வாங்கக் கீழே போயிருக்கிறாள்.
மேசையில் என் கைப்பையிலிருந்து எடுத்த
வெள்ளைச் சார்ஜர்.
தேக்காவில், குடைகளுக்கும் கைபேசி உறைகளுக்கும் நடுவே
குவிந்து கிடந்ததில் பொறுக்கியது.
ஒன்று மூன்று வெள்ளி, இரண்டாக எடுத்தால் ஐந்து.
இரண்டாக எடுத்தேன்.

இங்கே சோதனைக்கு வருபவை எண்ணிட்ட பைகளில்,
முத்திரைக்குக் காத்திருக்கும் பணிவோடு வரும்.
இதற்கு எண் இல்லை.
இடுக்கியில் வைத்து இறுக்கினேன்.
நண்டு ஓடுபோலப் பிளந்தது.

நல்ல பலகையில் ஓர் எல்லை இருக்கும்.
இந்தப் பக்கம் சுவரின் இருநூற்று முப்பது வோல்ட்,
அந்தப் பக்கம் விரல் தொடும் ஐந்து.
இடையே ஆறு மில்லிமீட்டருக்கு
செம்பு இல்லை, ஈயம் இல்லை, எதுவும் இல்லை.
சிலர் அங்கே பலகையையே அறுத்துவிடுவார்கள்,
மின்சாரம் தூசியைப் பிடித்து நடந்து வராதபடி.
பதினாறு வருடமாக நான் சம்பளம் வாங்குவது
இந்த ஒன்றுமில்லாததை அளக்கத்தான்.

ஆனாலும் செய்தி கடக்க வேண்டும்.
போதும், குறை என்று அந்தப் பக்கம் சொல்ல
கறுப்புச் சில்லுக்குள் ஒரு சிறு விளக்கு எரியும்,
எதிரே ஒரு கண் பார்த்துக்கொள்ளும்.
வெளிச்சம் மட்டும் போகும்.

இதில் சில்லு இல்லை.
எல்லை ஒரு மில்லிமீட்டர்,
அதிலும் பாதி காய்ந்த பசையின் மஞ்சள்.

கவ்விகளை மாட்டினேன்.
இடக்கை சட்டைப்பைக்குள். பழக்கம்.
மூவாயிரம் வோல்ட், ஒரு நிமிடம் தாங்க வேண்டும்.
ஐந்நூறு. எழுநூறு.
எண்ணூற்று நாற்பதில்
பச்சை மிளகாய் எண்ணெயில் விழுந்த சத்தம்.
சிவப்பு விளக்கு.

சுருளைப் பிரித்துப் பார்த்தேன்.
இரு கம்பிகளுக்கும் நடுவே ஒரே சுற்று நாடா,
அதுவும் ஓரத்தில் விலகி.

மற்றொன்று ஈசூனில்,
ஷாமினியின் தலையணைக்கு அடியில்.
டிசம்பர் விடுமுறை, இன்னும் எழுந்திருக்க மாட்டாள்.
பேசி நான்கு நாளாகிறது.
சோறு மேசையில், சாவி கொக்கியில் என்று அனுப்புவேன்.
இரண்டு கோடுகள் நீலமாகும்.
அவ்வளவுதான்.

அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி.
"என்ன?"
செருப்பைப் போட்டுக்கொள்.
சுவரில் சுவிட்சை அணை. முதலில் சுவிட்ச்.
பிறகு கழற்று.
"அம்மா, ஏழு விழுக்காடுதான் இருக்கு."
இருக்கட்டும்.
போர்வை விலகும் சத்தம். கட்டில் முனகல்.
டக்.

"கழட்டிட்டேன். ஏன்?"

எங்கே தொடங்குவது?
"சாயங்காலம் சொல்றேன். நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரேன்."
"ம்."

ரொஸ்னா வந்து என் கோப்பியைச்
சார்ஜருக்குத் தள்ளியே வைத்தாள்.
ஏழு இதற்குள் ஆறாகியிருக்கும்.
அவளும் வைக்கவில்லை.