இருபத்துநாலு மணிக்கூர்

நேற்று காலை பத்து நாற்பதுக்கு
நீல வாளியில் மூன்று துண்டுகளை முக்கினேன்.
உள்ளங்கை அகலம், பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம்.
மிதக்காமலிருக்க மேலே ஓர் ஓட்டுச்சில்லு.
வெளியே குலசேகரத்தில் மழை,
யாரும் கேட்காமலேயே
இதே சோதனையை மொத்த ஊருக்கும்
செய்துகொண்டிருந்தது.

பழைய பசையைக் கண்ணால்தான் தெரியும் எனக்கு.
டிரம்மைத் திறந்தால் போதும்,
எதிரே நிற்பவன் முகம் கலங்கும்.
பிரஸ் வாய் திறக்கும்போதெல்லாம்
பிப்லப் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
போனில் அவன் அம்மா கேட்டாளாம்
குரல் ஏன் இப்படி இருக்கிறது, அழுதாயா என்று.
ஆமா என்று சொல்லிவிட்டானாம்.
பசையை விளக்குவதைவிட
அது எளிது.

ஆகவே கிழங்கு.
அருமனையில் விலைபோகாத மரச்சீனி,
காயவைத்து, மாவாக்கி, வெந்நீரில் குழைத்தது.
அதோடு மார்த்தாண்டத்து அண்டியாபீஸிலிருந்து
மூட்டை மூட்டையாகப் பருப்புத்தோல்.
நுனிநாக்கில் வைத்தால் வாயே சுருங்கும்.
காய்ச்சியெடுத்த செந்தண்ணீர் விழுந்ததும்
மாவு
உலர்ந்த காயத்தின் நிறத்தில் இறுகியது.
துவர்ப்பு என்பது
பிடித்ததை விடாத குணம்.
நாக்கைப் பிடிப்பது மரத்தையும் பிடிக்கும்
என்று நினைத்தேன்.

முதல் பலகைக்கு அன்றிரவே எறும்பு வந்தது.
இரண்டாவது வாளியில் பாயசமானது.
மூன்றாவது,
உள்ளே நீராவி அடைத்து
கிறிஸ்மஸ் ராத்திரிபோல் வெடித்தது.
முதலாளி சோபனராஜ் ஓடிவந்தார்
கையில் தேநீரோடு, ஒரு துளி சிந்தாமல்.
"இது பலகையா பிள்ளே, பப்படமா?"
நான் நோட்டில் எழுதினேன்:
நடுவில் ஈரம் அதிகம்.

பிறகுதான் தும்பு.
ஈத்தாமொழியில் கதம்பை அடிக்கிற மில்லில்
கயிற்றுக்கு ஆகாத குட்டை நாராகக் கேட்டேன்.
நிறுத்துக்கொடுத்தவள் சிரித்தாள்,
மெத்தைக்காரனே இதைத் தொடமாட்டான்.
அதன் உடம்பில் மெழுகு மினுக்கம்,
யாரையும் அண்டவிடாத மினுக்கம்.
காரநீரில் அலசினோம், பிறகு நல்ல தண்ணீரில்,
மறுபடியும் நல்ல தண்ணீரில்.
மினுக்கம் போய்ச் சொரசொரத்தது.
பசைக்கு அப்போதுதான்
கால் வைக்க இடம் கிடைத்தது.

விரல்நீளம் நறுக்கி
ரப்பர் மரச் சீவலோடு தூவினேன்
திசை பார்க்காமல்.
நூற்றுக்கு எட்டு.
பத்துப் போட்டால் பந்தாகச் சுருண்டு
தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும்.

இன்று பத்து நாற்பது.
துணியால் ஒற்றி
வெர்னியரின் இரண்டு விரலுக்கு நடுவில் வைக்கிறேன்.
பதினான்கு புள்ளி ஒன்று.
பதினான்கு புள்ளி மூன்று.
கடைசித் துண்டு பதினைந்தைத் தொட்டுவிட்டது.
பழைய பலகை பதிமூன்றரையில் நின்றுவிடும்,
அதையும் பக்கத்திலேயே எழுதினேன்.

"அப்போ தோத்தாச்சு."
"அடுப்பங்கரைக்கு ஆகாது சார்.
அலமாரி முதுகுக்கு ஆகும்."
அவர் அலமாரியின் முதுகை
முதன்முதலாக யோசித்துப் பார்ப்பவர்போல்
சற்று நேரம் நின்றார்.
"கிலோவுக்கு என்ன ஆகுது?"
சொன்னேன்.
தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

உலராத துண்டுகளை ஒதுக்கிவிட்டு
நனையாத ஒன்றை இழுவை இயந்திரத்தில் மாட்டினேன்.
முள் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது.
பட்டென்று ஒரு சத்தம்.
குனிந்து பார்த்தேன்.
ஒட்டிய இடம் விடவில்லை,
கிழிந்தது மரம்தான்.
கிழிந்த வாயில் தும்பு நார்கள்
இரு கரையையும் பற்றியபடி
அறுபட மனமில்லாமல் நீண்டிருந்தன.
மெத்தைக்கு ஆகாதவை.

பின்னால் பிரஸ் திறந்தது.
புழுங்கிய கிழங்கின் மணம்.
பிப்லப் முகத்தைத் திருப்பவில்லை.
இங்கே வந்து கற்ற தமிழில் கேட்டான்,
"அக்கா, மீன்கறி எவிட?"

பதினைந்தைத் தொட்ட துண்டை
மறுபடி வாளியில் போட்டேன்.
மழை விடுகிற வரைக்கும்
கிடக்கட்டும்.