ஓவசியர் வளவு

அந்த வீட்டை நான் முழங்காலால் படித்தேன்.
நாளொன்றுக்கு ஏழு சதுர மீற்றர்.
முகக் கண்ணாடிக்குள் என் மூச்சே எனக்குப் புழுக்கம்.

மாங்குளம் சந்தியால் திரும்பி
முல்லை வீதியில் இரண்டாம் கட்டை தாண்டினால்
கூரையில்லாத சுவர்கள்,
கதவைத் தொலைத்த ஒரு முதிரை நிலை.
ரயில் பாதை போட வந்த சேதுகாவலர் ஓவசியர்
சிலிப்பர்க் கட்டைக்கு வெட்டிய காட்டில்
தனக்கும் கொஞ்சம் வெட்டிக்கொண்டார் என்று
கச்சேரிக் காகிதம் சொல்லாது.
நிலம் சொன்னது:
குசினிக்குப் பின்னால் இயந்திரம் முதன்முதல் கத்த,
கரண்டியால் சுரண்டி, தூரிகையால் துடைத்து,
ஒரு மணி நேரம் மூச்சடக்கி எடுத்தது
தண்டவாள ஆணி.
அடுத்ததும் ஆணி. மொத்தம் பதினொன்று.
அரசாங்க இரும்பில் தொங்கியிருக்கின்றன
ஓவசியர் வீட்டுச் சட்டைகள்.

பிறகு ஒரு செப்புச் சதம், ராசாவின் மூக்குத் தேய்ந்து.
தபால் கந்தோராக இருந்த காலத்து முத்திரைக் கட்டை,
மாதம் மட்டும் தெரிந்தது, ஓகஸ்ட்;
ஆண்டைத் துரு தின்றிருந்தது.
மருந்தகமாக இருந்ததற்கு
ஊசி முனைகள் நூற்று நாற்பது.
ஒவ்வொன்றுக்கும் அதே ஒரு மணி நேரம், அதே பயம்.

பீங்கானுக்கு இயந்திரம் வாய் திறக்காது.
எலும்புக்கும் திறக்காது.
என் சரித்திரத்தில் இரும்பு மட்டும்தான் உண்டு.

ரவைக்கோதுகளை நிறஞ்சினி
அடியைப் பார்த்தே பிரிப்பாள்:
இது வந்துபோன படை, இது வந்து இருந்த படை,
இது எங்கட பெடியள்.
வாளிக்குள் போட்டால் எல்லாம் ஒரே சத்தம்.

மிதிவெடி இரண்டே இரண்டு.
வாசற்படிக்கு இடப்பக்கம் ஒன்று.
கக்கூசுக்குப் போகும் வழியில் மற்றது,
விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் கால் எங்கே விழும் என்று
அறிந்த ஒருவன் வைத்தது.

நாற்பத்தொராம் நாள் வெள்ளைத் தடி நட்டு
கையெழுத்து வைத்தோம்.
திணைக்களத்து ஐயா காற்சட்டையை மடித்துக்கொண்டு வந்தார்.
பாதுகாக்கப்பட்ட கட்டடம்.
மூன்று மொழியில் பலகை, தமிழில் மட்டும் எழுத்துப் பிழை.
கட்டிய ஆண்டு, தூணின் பாணி,
"காலவோட்டத்தில் சேதமடைந்தது."
நான்கு திருகாணி போட்டு இறுக்கினார்கள்.
இனி அந்த இடத்திலும் என் இயந்திரம் கத்தும்.

கிணறு எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.
யாரோ சீமெந்துத் தட்டுப் போட்டு மூடியிருந்தார்கள்.
அதில் இருந்துதான் தினமும் புட்டும் சம்பலும் தின்றோம்,
வேம்பின் நிழல் அங்கேதான் விழும்.
போகிற அன்றைக்கு நிறஞ்சினி விளையாட்டாக
இயந்திரத்தை அதன்மேல் பிடித்தாள்.
நீளமாகக் கத்திற்று, எடுக்கும்வரை நிற்கவில்லை.

தட்டுக்குள் கம்பி இருக்கும் என்றார் மேற்பார்வையாளர்.

இருக்கும்.