நாற்பத்தெட்டு

ஈடார்-ஓபர்ஷ்டைனில் பாறையைக் குடைந்து ஒரு தேவாலயம் கட்டியிருக்கிறார்கள்.
நாங்கள் நான்கு பேரும் அதை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.
பார்த்ததெல்லாம் மூன்று தெரு தள்ளி
இரும்புக் கதவு போட்ட பட்டறை ஒன்றை.

மரகதம், ஐம்பத்திரண்டு.
மருதாசலம் காங்கேயத்துக்காரர்,
கல்லை நாக்கில் வைத்தே அசலா போலியா சொல்லிவிடுவார்.
பூட்டுக்கு பிஜோய். அலாரத்துக்கு லூர்துசாமி.
வண்டிக்கு நான்.
பதினொரு நிமிடம். ஒரு கண்ணாடி உடையவில்லை.
அதுவரை நாங்கள் அண்ணன் தம்பிகள்.

ஓடுகிற ஆற்றை மூடி அதன்மேல் ரோடு போட்ட ஊர் அது.
காரில் போகிறவனுக்குக் கீழே தண்ணீர் இருப்பது தெரியாது.
அந்த ரோட்டைப் பார்த்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம்.
கற்களை ஏலக்காய் டப்பாவில் போட்டோம்,
பச்சைக்குள் பச்சை. லூர்துசாமியின் யோசனை. நல்ல யோசனைதான்.

ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆகும்.
அதுவரை எவனும் தனியாகக் கிளம்பிவிடக் கூடாதென்று
கார் சாவி பிஜோயிடம்,
பாஸ்போர்ட்டெல்லாம் மருதாசலத்திடம்,
சிம் கார்டுகள் லூர்துசாமியிடம்,
டப்பா என் தலைமாட்டில்.
இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தோம்.

முதல் இரவு இரண்டு மணிக்கு நான் ஒன்றை எடுத்தேன்.
ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.
ஆடுகிற பல்லுக்கு நாக்கு போவதுபோல் கை போனது.
பொட்டுக்கடலை அளவு. சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு
மூன்று மணி நேரம் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் மருதாசலம் தட்டில் கொட்டி எண்ணினார்.
நாற்பத்தெட்டு.
மறுபடி எண்ணினார். ஏலக்காயை உரித்தும் பார்த்தார்.
நாற்பத்தெட்டு.

நான் எடுத்தது ஒன்று.
ஆகவே மூன்று எடுத்தவன் ஒருவன் இங்கே இருக்கிறான்,
அவன்தான் திருடன்.

தேள் கொட்டினால் திருடன் வாய்திறக்க மாட்டான் என்பார்கள்.
நாங்கள் திறந்தோம், நாலு வாயும்.
"மூணு எங்கடா?" என்று கேட்க வந்தவன்
நாக்கைக் கடித்துக்கொண்டு "நாலு எங்கடா?" என்றேன்.
பிஜோயும் ஏதோ ஓர் எண்ணை விழுங்கினான்.
கண்ணால் பார்த்தேன். அப்போதும் புத்தியில் ஏறவில்லை.

சனிக்கிழமை யாரும் குளியலறைக் கதவைத் தாழிடவில்லை.
லூர்துசாமி வைத்த ரசத்தை
லூர்துசாமியே முதலில் குடித்துக் காட்டவேண்டியிருந்தது.
மருதாசலம் உப்பைச் சலித்தார்.
இரவு நாலு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம்,
யார் கண் முதலில் மூடுகிறது என்று பார்க்க.

ஞாயிறு மதியம் பிஜோய் நாற்காலியைத் தூக்கி அடித்தான்.
கீழ்வீட்டு ஃபிராவ் வெண்ட்லிங்
விளக்குமாற்றுக் கட்டையால் எங்கள் தரையை இடித்தாள்.
ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆணி அடிப்பதும் குற்றமாம்.
கள்ளச்சாவி போடத் தெரிந்த எங்களுக்கு
அந்தச் சட்டம் தெரியாது.

அரைமணியில் அழைப்பு மணி. இரண்டு போலீஸ்.
ஒருத்தி சின்னப்பெண், சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது.
சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.
நம் மொழியைப்போல அவர்கள் வாக்கியத்திலும்
பல நேரம் வினைச்சொல் கடைசியில்தான் வரும்.
அதுவரை பொறுக்க எங்களில் ஆளில்லை.

எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான்!
லூர்துசாமி பிஜோயை நோக்கிக் கை நீட்டினான். பிஜோய் என்னை.
நான் யாரைக் காட்டினேன் என்பது தீர்ப்பில் இருக்கிறது.
மருதாசலம் மட்டும் பாஸ்போர்ட் நான்கையும் அவளிடம் நீட்டி,
தமிழில்,
"நான் ஒண்ணுதாம்மா எடுத்தேன்" என்றார்.

வீடு அமைதியானது,
ஃபிராவ் வெண்ட்லிங் கேட்டிருந்த அதே அமைதி.
பிஜோய் மெல்லக் குனிந்து நாற்காலிக் காலைப் பொறுக்கினான்.

சாக்ஸில் ஒன்று. பற்பசைக் குழாயில் ஒன்று.
ஜெபமாலைப் பையில் ஒன்று.
மருதாசலம் கடைவாயிலிருந்து துப்பிய ஒன்று.
நீதிமன்றத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர்
அவசரமில்லாமல் எண்ணினார். ஐம்பத்திரண்டு.
ஏலக்காயைத் தனி உறையில் போட்டு
அதற்கும் ஒரு நம்பர் ஒட்டியிருந்தார்கள்.