ஒரு சாண் நீலம்

தொட்டியில் மாவு படிந்ததும்
மேல்தண்ணீரை வடித்துவிட்டுக்
குனிந்துதான் வெட்டி எடுக்க வேண்டும்.
பதினோரு வருடக் குனிவு.
இடுப்பில் வலி எப்போது ஏறி உட்கார்ந்தது என்று
பெரியாஸ்பத்திரியில் கேட்டபோது
தேதி தெரியவில்லை.
ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி விலை போகாமல்
கிழங்கைக் காட்டிலேயே விட்ட வருடம் என்றேன்.
நஸ்ரின் அதையும் எழுதிக்கொண்டது.

இருபத்தைந்து வயதிருக்கும் அந்தப் பிள்ளைக்கு.
"மல்லாந்து படுங்கக்கா.
தொப்புளை முதுகுப் பக்கம் இழுங்க.
மூச்சை மட்டும் நிறுத்தாதீங்க."
மூச்சை நிறுத்தாமல்
நான் எதைத்தான் தூக்கியிருக்கிறேன்?
ஜவ்வரிசி மூட்டைக்குக் கை கொடுக்கும்போது
முதலில் நிற்பது மூச்சுதானே.

பிறகு நாலு காலில் நிற்கச் சொன்னது.
வலது கை முன்னால்,
இடது கால் பின்னால்,
நடுவில் இருப்பது அசையக் கூடாது.
இடுப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்
இருப்பதாக நினைக்கணுமாம்.
என் டம்ளர் நாலு எண்ணுவதற்குள் கவிழ்ந்தது.
கவிழாதது போலவே
அது ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் கத்தரிக்கோல்.
ரப்பராய் இழுபடும் நீல நாடா,
நான்கு நுனிகளும் வட்டமாக.
குனியச் சொல்லி
எலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
நோகும் இடத்தின் மேல் குறுக்கே ஒரு சாண்.
உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றியது.
நிமிர்ந்ததும் நாடா அலை அலையாகச் சுருங்கியதாம்.
நான் எங்கே பார்த்தேன்,
என் முதுகை நான் பார்த்ததே இல்லை.

"இது தாங்குமா?"
"தாங்காதுக்கா, ஞாபகப்படுத்தும்.
தாங்க வேண்டியது நீங்கதான்."

டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
அம்மாப்பேட்டை தாண்டி ஒரு பிரேக்.
எல்லோரும் முன்னால் சாய,
முந்தானையைப் பிடித்திழுக்கும் பிள்ளை மாதிரி
நீலம் பின்னால் இழுத்தது.

"பிளாஸ்திரியில நிமிருமாக்கும்!
அப்ப மொதலாளி லாரிக்கும் ரெண்டு ஒட்டு"
என்றாள் பாவாயி.
கை கழுவும்போது மட்டும்
அரிக்குதா என்று மெதுவாகக் கேட்டாள்.
அரித்தது.
நாலாம் நாள் ஓரம் கிளம்பி
மாவு ஏறி வெளுத்துவிட்டது.
தேங்காயெண்ணெய் தொட்டு மெல்ல உரித்தேன்.
தோலுக்கு இரண்டு நாள் ஓய்வு, மறுபடி நீலம்.

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்
சமையலறைத் தரையில் என் நாலு கால்.
ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த குழந்தைவேலு
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"என்ன தொலஞ்சது?"
"பத்து" என்றேன்.
எட்டில் நின்றுகொண்டிருந்தேன் அப்போது.
அவரும் கொஞ்ச நேரம் தரையைத் தேடினார்.

இது ஏழாவது வாரம்.
நாடா இல்லை.
வலி இருக்கிறது, சாயங்காலம் வருகிறது,
முன்பெல்லாம் எனக்கு முன்னால் எழுந்துவிடும்.
உலர்களத்தில் மாவைப் பரப்ப
வாரியைப் பிடிக்கும்போது
யாரும் சொல்லாமல் தொப்புள் உள்ளே போகிறது.
எதிரே சேர்வராயன் மலை,
மேகம் பாதி மறைத்து.

மூட்டையின் அந்த முனையில் பாவாயி.
கன்னம் உப்பி, கண் பிதுங்கி,
உதட்டை இறுக்கிக்கொண்டு.
"மூச்ச விடு" என்றேன்.
"விட்டா மூட்டை விழுந்துரும்டீ."
சொல்வதற்காக
அவள் அதை விட வேண்டியிருந்தது.