காற்றுக்கு மூன்று யூனிட்

செல்லூர், ஐந்தாவது குறுக்குத் தெரு.
விடிகாலை நாலு பத்துக்கு
கருத்தப்பாண்டி வால்வைத் திறப்பார்.
நாலு இருபது வரை வருவது காற்று.
ஒரு சீறல், ரெண்டு இருமல்,
துரு நிறத்தில் ஒரு மடக்கு,
அதற்கப்புறம்தான் தண்ணீர்.

புது மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது.
எது தள்ளினாலும் சுற்றும்.
காற்றென்றால் கொஞ்சம் குஷியாகவே சுற்றும்.

அந்த எண்ணை எழுதுவது என் வேலை.
பதினோரு மாத ஒப்பந்தம்.
அடையாள அட்டைப் படத்தில்
கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் மாறிவிட்டது என்றார்கள்.
இனித் தண்ணீருக்கும் ஓர் ஆணையம்.
லாரிக்கு உரிமம், ஆழ்துளைக்கு உரிமம்,
கேன் கம்பெனிக்கு முத்திரை,
கட்டணத்துக்கு மூன்று அடுக்கு.
வரைவு நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
எழுபத்து மூன்றில் ஒரு வரி:
‘மீட்டர் காட்டுவதே நுகர்வு எனக் கொள்ளப்படும்.’
காற்று என்ற சொல்லைத் தேடினேன்,
முன்னுரையில்கூட இல்லை.

தல்லாகுளத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
மேடையில் ஆளுக்கொரு பாட்டில்,
மூடி திருகாமல்.
லாரி சங்கத்துக்காரர் இருபது நிமிடம் பேசினார்,
நடுவில் இரண்டு முறை வைகையை அம்மா என்றார்.

சபுரா பீவிக்கு மூன்று நிமிடம்.
எழுந்தபோது கையில் ஒரு கறுப்பு கேரிபேக்,
வாய் இறுக்கக் கட்டி, உப்பலாக.
மேசையில் வைத்தார். அது லேசாக உருண்டது.

“இது நீங்க விட்ட தண்ணி.
மூணு யூனிட்டுக்கு ரசீது போட்டிருக்கீங்க,
அந்த மூணுதான் என்னைய ரெண்டாம் அடுக்குல ஏத்திவிட்டுச்சு.
ஒரு பைதான் கொண்டாந்தேன்.
மிச்சத்த பஸ்ல ஏத்த முடியல.”

மண்டபம் சிரித்தது.
ஆணையத்து ஆள் ஒருவர் பையை
விரலால் தள்ளிப் பார்த்தார்.
உதவிப் பொறியாளர் நாகசுந்தரி மட்டும் சிரிக்காமல்
கடைசி வரிசைக்குத் திரும்பி என்னைக் கேட்டார்:
“அந்தத் தெரு ரீடிங் நீங்கதானே? உண்மையா?”

பதினோரு மாதத்தில் ஒன்பது முடிந்திருந்தது.
“மீட்டர் சரியாத்தான் ஓடுது மேடம்” என்றேன்.
அதுவும் உண்மைதான்.

நடவடிக்கைக் குறிப்பில் வந்தது:
‘பயனாளர் ஒருவர் தொழில்நுட்பக் கருத்துத் தெரிவித்தார்.’
பை மேசையிலேயே கிடந்தது.
சாயங்காலம் நாற்காலி அடுக்க வந்தவன்
முடிச்சை அவிழ்த்து, உதறி,
மீந்த பிஸ்கட்டை அதில் போட்டுக்கொண்டு போனான்.

இப்போதெல்லாம் நாலு பத்துக்கே
அந்தத் தெருவில் நிற்கிறேன், யாரும் சொல்லாமல்.
நாலு பத்துக்கு ஓர் எண்.
நாலு இருபதுக்கு ஓர் எண்.
படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது,
ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்.

நேற்று சபுரா பீவி வாசலில் நின்று
பென்சிலைப் பார்த்தார்.
“பேனா இல்லையா?” என்றார்.

குழாய் இருமத் தொடங்கியிருந்தது.